கைவேலைப் பக்கம்: திருவலைப் பலகை

மேசை விளிம்பில் பூட்டும் துருவியை வாங்கிப் பார்த்தோம். வாடகை வீட்டு மேசையில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். அம்மாவுக்கு நின்றுகொண்டு துருவவும் வராது. அதனால் ஊரில் இருந்ததைப் போல, குந்தியிருந்து துருவும் திருவலை ஒன்றைச் செய்து கொடுத்தேன். நான் தச்சனல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, இங்கே ஜேர்மனியில் பொதி கட்டும் பகுதியில் நிற்பவன். எனக்குச் சரிவந்தது உங்களுக்கும் வரும்.

மரம் எங்கள் தொழிற்சாலையில் கழிக்கும் பலெற். மேலாளரைக் கேட்டுத்தான் எடுத்தேன். ஆங்கிலத்தில் ஈ.பி.ஏ.எல். என்று சூடு வைத்தவை திரும்பப் போகவேண்டியவை, தொடவேண்டாம். மற்றவற்றில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் எச்.ரீ. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுக்கலாம். எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயு அடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் அதை நிறுத்திவிட்டாலும் தூர நாட்டுப் பொதிகளோடு வரலாம். அது குசினிக்குள் வரவே கூடாது. முத்திரை இல்லாததும், கறை பிடித்ததும் வேண்டாம்.

45 சென்றிமீற்றர் நீளத்தில் இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, அடியில் இரண்டு கட்டைக் கால் வைத்தேன். மர ரேகை நீளப்பாட்டுக்கு ஓடவேண்டும். முதல் பலகையைக் குறுக்காக அறுத்துவிட்டேன். அம்மா இருந்த அன்றே பிளந்தது. நல்லவேளை, விழவில்லை. அலகைத் திருகாணியால் பூட்டினால் இழுத்து இழுத்துத் துருவும்போது கழன்றுவிடும். துளைத்து, போல்ற்றும் நட்டும் போடுங்கள்.

மண்தாளால் தேய்த்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். தேங்காய் எண்ணெய் காயாது, சிக்கு வாடைதான் வரும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியில் கவனம். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றிக் கூடி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நான் அதைச் சுருட்டிக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு இரவு வேலைக்குப் போக வெளிக்கிட்டேன். சப்பாத்துப் போடும்போதுதான் புகை மணந்தது. உள்ளே மூன்று பிள்ளைகள் நித்திரை. பத்து நிமிடம் முந்திப் போயிருந்தால்... அன்றிலிருந்து துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பேணிக்குள்தான் போடுகிறேன்.

அடுத்த முறை இடியப்ப உரல். பீச் மரத்துண்டு கண்டால் எடுத்து வையுங்கள்.