அரசனின் கட்டிலும் அடுத்த அறையும்

ஆல்பெர்ட் செர்ரா 2016இல் எடுத்த ‘பதினான்காம் லூயியின் மரணம்’ படத்தை ஒரு திரையிடலில் பார்த்தேன். காலில் தசையழுகல் கண்டு 1715 செப்டம்பர் 1 அன்று வெர்சாயில் இறந்த பிரெஞ்சு அரசனின் கடைசி நாட்கள்தான் கதை. படம் முடிந்ததும் ஆண் நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: அரசன் என்ற பிம்பத்தை உரித்துவிட்டார் இயக்குநர், மரணத்தின் முன் எல்லாரும் சமம்.

சமமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

ழான்-பியர் லேயோவின் நடிப்பில் குறையில்லை. மலைபோன்ற டோப்பாவுக்குக் கீழே அந்த முகம் ஒடுங்கிக்கொண்டே போவதை மறக்க முடியாது. ஆனால் அரசன் ஒரு வாய் தின்றால் அவை கைதட்டுகிற அறையில் பெண்களுக்கு என்ன வேலை? அலங்காரமாக நிற்பது, பார்ப்பது, மெளனமாக உட்கார்ந்திருப்பது.

அரசனின் படுக்கையறைச் சேவகம் ஆண்களுக்குரிய பதவி, அங்கே பெண்கள் எப்படி வருவார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்தப் பதவிகள் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. அரசனுக்குச் சட்டை மாட்டிவிடுவது கௌரவம். அந்தச் சட்டையை வெளுப்பது சலவைக்காரிகளின் பாடு. கௌரவம் இருக்கும் இடத்தில் கேமரா இருக்கிறது, பாடு இருக்கும் இடத்துக்கு அது போவதில்லை.

மூலையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி மதாம் தெ மாந்த்னோன். 1683இல் அரசனை ரகசியமாக மணந்தவர். அந்தத் திருமணம் கடைசிவரை அறிவிக்கப்படவில்லை. அதனால் அவர் ராணியும் இல்லை, சட்டப்படி விதவையும் இல்லை. அரசன் மூச்சை விட்ட நொடியில் அந்த அரண்மனையில் அவருக்கு இடமில்லை. 79 வயதில், அரசன் சாவதற்கு முன்பே, தான் உருவாக்கிய சான்-சிர் பெண்கள் பள்ளிக்குப் போய்விட்டார். சாகும் கணவனை விட்டுப் போனவள் என்ற பழி இன்றும் அவர்மீது கிடக்கிறது. மனைவி என்று ஊரறியச் சொல்லாதவனை யாரும் கேட்பதில்லை. மாந்த்னோனை நான் புனிதராக்கவில்லை, அதிகாரத்தின் நிழலில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவரை வெறுத்த சான்-சிமோனின் நினைவுக்குறிப்புகளே நமக்கு வரலாறாக வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

இன்னொருவரைச் சொல்லியே ஆக வேண்டும். 1712இல் தட்டம்மை அரசனின் பேரனையும் அவர் மனைவியையும் சில நாள் இடைவெளியில் கொன்றது. அவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் தொற்றியது. மருத்துவர்கள் மூத்தவனின் இரத்தத்தை வடித்தார்கள், அவன் செத்தான். இரண்டு வயது இளையவனை வளர்ப்புத்தாயான மதாம் தெ வாந்தடூர் மருத்துவர்களிடம் கொடுக்க மறுத்தார். கதகதப்பாக வைத்துக் காத்தார். அவன் பிழைத்தான். அவனே பதினைந்தாம் லூயி. மரணக் கட்டிலருகே கொண்டுவரப்படும் அந்தக் குழந்தையைப் படத்தில் பார்க்கிறோம். அவன் உயிரோடு அங்கே வந்தது எப்படி என்று படம் சொல்வதில்லை.

தலைமை மருத்துவர் ஃபாகோன் தசையழுகலை நரம்புவலி என்று நம்பியவர். படம் அவரைக் கேலி செய்கிறது, சரி. ஆனாலும் கடைசி வார்த்தை அவருக்குத்தான்: அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்வோம் என்கிறார். ஆணின் தோல்விக்கு ஒரு முழுப் படம், பெண்ணின் வெற்றிக்கு ஒரு காட்சிகூட இல்லை.

நம் வீடுகளில் படுத்த படுக்கையானவர்களுக்கு மலம் அள்ளி, புண் துடைத்து, இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். மரணம் எல்லாரையும் சமமாக்குகிறது என்று இனி யாராவது சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.