கள்வர் என்று எழுதாதீர்
கணினியில் எங்கு களவு நடந்தாலும் ‘ஹக்கர்கள் கைவரிசை’ என்று தலைப்பிடுகின்றன நமது பத்திரிகைகள். நானும் அவ்வாறு தலைப்பிட்டவனே. அது தவறு.

1981 இல் மேற்கு பேர்லினில், ‘டாட்ஸ்’ நாளேட்டின் அலுவலக மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் தொடங்கியதே கேயாஸ் கம்பியூட்டர் கிளப். இன்று ஜேர்மன் நகரங்கள் பலவற்றில் அதன் கூடங்கள் உள்ளன. கூடும் மாலைகளில் பற்றாசுக்கோலும் பழைய இயந்திரங்களுமாக அமர்ந்து, கழற்றிப் பார்த்துக் கற்கிறார்கள்.

1984 இல், தபால் துறையின் தரவுச் சேவையிலிருந்த ஓட்டையைக் காட்டுவதற்காக, வங்கியொன்றின் கணக்கில் ஒரே இரவில் சுமார் 135,000 மார்க் பற்று வைத்தனர். பகிரங்கமாக அறிவித்துத் திருப்பியும் கொடுத்தனர். எந்தக் கள்வன் இதைச் செய்வான்?

2006 இல் நெதர்லாந்துக் குழுவொன்றுடன் சேர்ந்து, வாக்களிப்பு இயந்திரத்தின் எண்ணிக்கையை மாற்ற முடியும் என நிரூபித்தனர். 2005 தேர்தலில் அவ்வகை இயந்திரங்களைப் பயன்படுத்தியமை அரசியலமைப்புக்கு முரணானது என 2009 இல் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவர்களிடையே குற்றம் புரிந்தோரும் உண்டே என்பீர்கள். பொய் எழுதிய நிருபர்களும் உண்டு. அதற்காகப் பத்திரிகைத் தொழிலையே பொய் என்போமா?

மூடிய பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பதை மக்களுக்குச் சொல்வது நமது தொழிலுமல்லவா?