இரைச்சல் கம்ப்ரஸரின் பிறவிக்குணம் அல்ல

"கம்ப்ரஸர் என்றாலே இரைச்சல்தான்; வீட்டில் கட்டியது என்றால் கேட்கவே வேண்டாம்." கிட்டார் வாசிப்பவர்கள் மத்தியில் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. இதை நம்பி, ஆசை ஆசையாகப் பற்றவைத்த பெடலைப் பரணில் போட்டவர்கள் உண்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைச் சாக்காக வைத்து, திருத்தக்கூடிய பிழைகளையெல்லாம் தலைவிதி என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் கட்டுபவர்கள் பலரும் முதலில் தொடும் டைனா காம்ப் வகையையே எடுத்துக்கொள்வோம். தந்தியை ஓங்கி மீட்டினால் அது பெருக்கத்தைக் குறைக்கும். ஒலி தேயத் தேயக் கூட்டும். வாசிப்பு நின்றதும் பெருக்கம் உச்சத்தில் நிற்கும். 40 டெசிபெல் என்றால் 100 மடங்கு. வாசலில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தால் வெளியே 1 மில்லிவோல்ட். நாம் கேட்கும் 'உஸ்'ஸில் பெரும்பங்கு கம்ப்ரஸர் பெற்ற பிள்ளை அல்ல, அது எடுத்து வளர்த்த பிள்ளை. ஓவர்டிரைவுக்குப் பின்னால் கம்ப்ரஸரை வைத்துவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது? கிட்டார் முனையில் கழற்றிவிட்ட கேபிளோடு பெடலைச் சோதிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்தக் கேபிள் ஒரு ஆன்டெனா. ஒரு பிளக்கின் நுனியையும் உடலையும் சேர்த்துப் பற்றவைத்து உள்ளீட்டில் செருகிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் அது கிட்டாரிலிருந்தோ கேபிளிலிருந்தோ வந்தது. அடங்காவிட்டால் அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியை மாட்டுங்கள். அப்போது ஹம் போனால் அடாப்டர்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்னாக்கும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். மின்வழியில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால், அந்த 100 ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். செலவு சில ரூபாய்.

நான் கட்டிய பெடல் பேட்டரியிலும் முனகியது. ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பற்றாக மெல்ல அழுத்திக்கொண்டே போனேன். இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்துத் தரும் நாலரை வோல்ட் புள்ளியில் நிற்கும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தொட்டதும் முனகல் நின்றது. குச்சியை எடுத்ததும் திரும்ப வந்தது. ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்து, காலைச் சுற்றி மயிரிழை வட்டமாக விலகி நின்றது. மறுபடி சூடுகாட்டி ஈயம் ஓடவிட்டேன். கம்ப்ரஸரின் குணம் என்று நான் ஒரு மாதம் சகித்துக்கொண்டது ஒரு குளிர்ந்த பற்று.

"ஐசியை மாற்று, விலையுயர்ந்ததைப் போடு" என்பது அடுத்த வாதம். முன்வாசலில் ஆப்-ஆம்ப் உள்ள வடிவங்களில் டிஎல்072-ஐப் பிடுங்கிவிட்டு என்இ5532-ஐ வைக்கச் சொல்வார்கள். தரவுத்தாளில் முன்னதன் மின்னழுத்த இரைச்சல் 18 நானோவோல்ட், பின்னது 5 (இரண்டும் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு). எண்ணைப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் என்இ5532-க்கு மின்னோட்ட இரைச்சலும் உண்டு, சுமார் 0.7 பிகோஆம்பியர். 3 ஹென்றி பிக்கப் ஒன்று 5 கிலோஹெர்ட்ஸில் 90 கிலோ ஓமுக்கு மேல் மறிப்புக் காட்டும். இரண்டையும் பெருக்கினால் 60 நானோவோல்ட்டைத் தாண்டுகிறது. கிட்டாரை நேராக ஏற்கும் இடத்தில், காசு கொடுத்து இரைச்சலை வாங்குகிறோம். பின்னால் வரும் கட்டங்களில் அதே என்இ5532 அருமையாக வேலை செய்யும்.

பெரிய ரெசிஸ்டர்களை ஒட்டுமொத்தமாகக் குறைக்கச் சொல்வதும் இப்படித்தான். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், கேட்கும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து, சுமார் 18 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும் என்பது உண்மை. ஆனால் அது கிட்டாருக்கு இணையாக நின்றால் பிக்கப் அதன் இரைச்சலைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். தொடராக நிற்பதுதான் கேடு. எதைக் குறைப்பது என்று சுற்றுப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அலுமினியப் பெட்டி வேண்டும்தான். ரேடியோ நுழைவதைத் தடுக்கும். டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது நிறுத்தாது. ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கும் ஹம்முக்கு மருந்து, கிப்சனில் சேத் லவர் 1955-இல் வடிவமைத்த ஹம்பக்கர் மாதிரியான பிக்கப்பிலேயே இருக்கிறது.

பின்னால் நாய்ஸ் கேட் மாட்டச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். நீண்டு தேயும் ஸ்வரத்துக்காகத்தான் கம்ப்ரஸர். அந்த வாலைத்தான் கேட் முதலில் வெட்டும்.

அழுத்துவது என்ற செயலே இரைச்சலின் ஊற்று என்றால், 1960-களில் ரே டால்பி நாடாவின் இரைச்சலைக் குறைக்க அதே அழுத்துதலை நம்பியிருக்க முடியுமா? பதியும்போது மெல்லிய ஒலிகளை ஏற்றி, ஒலிக்கும்போது அதே அளவு இறக்கினார். இதன் எளிய உறவு ஒன்று பெடலுக்கும் பொருந்தும்: கம்ப்ரஸருக்கு முன் கூர்மையான ஒலிகளைக் கூட்டி, பின் அதே அளவு குறைப்பது. வெளியீட்டில் 10 கிலோ ஓமும் 3.3 நானோஃபாரடும் சேர்ந்தால் 4.8 கிலோஹெர்ட்ஸிலிருந்து இறக்கம் தொடங்கும். 'உஸ்' பெரும்பாலும் அதற்கு மேல்தான் குடியிருக்கிறது.

அந்தக் கொஞ்சம் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். டைனா காம்ப்பின் இதயமான சிஏ3080 சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் சுத்தமாகக் கையாளாது. கிட்டாரோ பல நூறு மில்லிவோல்ட் தரும். முதலில் நசுக்கிப் பிறகு பெருக்குவதில் ஐசியின் சொந்த இரைச்சலும் ஏறிவிடும். இது வடிவத்திலேயே உள்ள குறை. ஆனால் அதற்கு மாற்றாகப் போடும் எல்எம்13700-க்குள் உள்ளீட்டை நேராக்கும் டயோடுகள் இருக்கின்றன. அவற்றால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான இடைவெளி 10 டெசிபெல் கூடும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. பழைய ஐசி இருந்த இடத்தில் இதை வைப்பவர்கள் பலர் அந்த டயோடுக் காலை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.