பொடியன் துரோகி இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். இடையில் கோபம் வந்தால் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நாலைந்து நாளாக எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். எங்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரன், பதினாறு வயதுப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புப் பாடசாலை ஒன்றுக்குப் போகிறான். விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. எந்தப் பாடசாலை என்பது முக்கியமில்லை. பிள்ளையின் பெயரையும் எழுதமாட்டேன். ஏற்கெனவே நீங்கள் போதுமான அளவு எழுதிவிட்டீர்கள்.

"காசுக்கு வித்துட்டானுகள்." "ஊர்ச் சோறு தின்ட நன்றி இல்ல." "வாப்பாக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?" இவற்றையெல்லாம் வாசித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். தோற்ற அன்று கத்துவதும் வென்ற அன்று கூத்தாடுவதும் மைதானத்தில் வழமைதானே. ஆனால் நேற்று இரவு ஒரு படம் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தில் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, கீழே ஒரே ஒரு சொல்: துரோகி.

அந்தப் படத்தைச் செய்தவன் என்னிடம் படித்தவன். 'து' எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

தம்பிமாரே, இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வடக்கில் எத்தனையோ பேரின் கழுத்தில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டார்கள். அது தொங்கியவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தமிழர்களும் அதில் செத்தார்கள், முஸ்லிம்களும் செத்தார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரும், ஏறக்குறைய 75,000 பேர், உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டதற்குப் பின்னாலும் அந்தச் சந்தேகச் சொல்தான் இருந்தது. எங்கள் மன்னார்த் தீவிலிருந்து சனம் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. நான் வளர்ந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். அந்தச் சொல்லின் விலையை என் உம்மா வாப்பா கட்டினார்கள். பந்து உதைக்கிற ஒரு பிள்ளையின் முகத்தில் அதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி. கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவரவில்லை. கவலை எனக்கும் இருக்கிறது.

அவனைப் பத்து வயதில் மைதானத்துக்குக் கூட்டிவந்த பயிற்றுவிப்பாளரை எல்லோருக்கும் தெரியும். சம்பளம் இல்லை. சுபஹு தொழுதுவிட்டு நேரே மைதானத்துக்கு வருவார். கழுதைகளைத் துரத்திவிட்டு, கண்ணாடித் துண்டு பொறுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் பயிற்சி. சோளகம் வீசுகிற நாட்களில் புழுதி கண்ணில் அடிக்கும், பந்து வைத்த இடத்தில் நிற்காது. அப்படி ஆறு வருடம். இப்போது ஒரு தொலைபேசி அழைப்பில் பிள்ளை போகிறான். "அல்லாஹ் அவனுக்கு நல்லதைக் குடுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை. இது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது பிள்ளை இல்லையே.

இந்த விடயம் எங்கள் ஊரோடு முடிவதில்லை. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் ஃபுட்போலைப் பாருங்கள் (எங்கள் உதைபந்து இல்லை, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்). பாடசாலைப் பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தி, யார் எந்தப் பல்கலைக்கழகத்தில் கையெழுத்திடப் போகிறான் என்று லட்சக்கணக்கான சனம் பார்த்துக்கொண்டிருக்கும். 2021 டிசம்பரில் அந்த வருடத்தின் முதல்தர வீரனாகக் கணிக்கப்பட்ட ட்ரவிஸ் ஹன்டர், புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவர், கையெழுத்திடும் நாளன்று திடீரென்று மிசிசிப்பியிலுள்ள ஜக்சன் ஸ்டேட்டைத் தெரிவுசெய்தார். கறுப்பின மக்களுக்காக உருவான, மிகச் சிறிய வசதிகளோடு இயங்கும் பல்கலைக்கழகம் அது. ஒரு பக்கம் ரசிகர்கள் கொதித்தார்கள், மற்றப் பக்கம் கொண்டாடினார்கள். சரியாக ஒரு வருடம். பயிற்றுவிப்பாளர் டியோன் சான்டர்ஸ் கொலராடோவுக்குப் போக, ஹன்டரும் அவரோடு போய்விட்டார். முதலில் சிரித்தவர்களும் அழவேண்டி வந்தது. 2024இல் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அவருக்குக் கிடைத்தது.

இதில் இரண்டு விடயம் இருக்கிறது. திட்டுகிறவன் திட்டிக்கொண்டே இருப்பான், பிள்ளை வளர்ந்துகொண்டே போவான். அடுத்தது, இன்று எங்களிடம் வருகிறவனும் நாளை போவான்.

உதைபந்தாட்டத்தில் லூயிஸ் ஃபிகோவின் கதை எல்லோருக்கும் தெரியும். 2000இல் பார்சலோனாவை விட்டு ரியல் மட்ரிட்டுக்குப் போனார். 2002 நவம்பரில் பார்சலோனா மைதானத்துக்குத் திரும்பி வந்து கோர்னர் கிக் அடிக்கப் போனபோது போத்தல், நாணயம், கடைசியில் ஒரு பன்றித் தலையையே எறிந்தார்கள். ஆட்டத்தை இடைநிறுத்தவேண்டி வந்தது. இத்தனை வருடம் கழிந்தும் அந்த ரசிகர்களைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தத் தலையைத்தான். ஃபிகோ அப்போது சம்பளம் வாங்கும், வளர்ந்த மனிதர். எங்கள் பிள்ளைக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

இன்னொரு ஊரும் இருக்கிறது. ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ. அங்கே நியூவெல்ஸ் ஓல்ட் போய்ஸ் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனுக்கு வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடு. சிகிச்சைக்கு மாதாமாதம் காசு வேண்டும். 2000ஆம் ஆண்டு பார்சலோனா அந்தச் செலவை ஏற்றது. டிசம்பர் 14 அன்று கடதாசித் துவாய் ஒன்றில் எழுதி ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துண்டுக் கடதாசி 2024இல் லண்டனில் 762,400 பவுணுக்கு ஏலம் போனது. பையனுக்கு அப்போது 13 வயது. பெயர் லியோனல் மெஸ்ஸி. உலகத்தின் சிறந்த வீரனைக் கையில் வைத்திருந்து இழந்த ஊர் ரொசாரியோ. திட்டுவதற்கு அவர்களுக்கு எங்களைவிட எவ்வளவு காரணம் இருந்திருக்கும்! ஆனால் உலகக் கிண்ணத்தை வென்றுவிட்டு 2023 ஜூன் 24, தன் பிறந்தநாளன்று, மெஸ்ஸி நியூவெல்ஸ் மைதானத்தில் பழைய தோழர் மக்ஸி ரொட்ரிகஸின் பிரியாவிடை ஆட்டத்தில் ஆட வந்தபோது அந்த ஊரே எழுந்து நின்று பாடியது.

பார்சலோனா செய்ததும் ரொசாரியோ செய்ததும் எங்கள் முன்னால் இருக்கின்றன. எதைப் பின்பற்றப் போகிறோம்?

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. நாங்களும் எடுத்தவர்கள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தீவுக்கு வெளியே ஒரு சின்னக் கிராமத்திலிருந்து கோல்காப்பாளர் ஒருவனை எங்கள் அணிக்குக் கொண்டுவந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கிராமத்துச் சனம் எங்களைப் பற்றி என்ன கதைத்திருக்கும்? அன்று நாங்கள் அதற்கு "திறமைக்கு மரியாதை" என்று பெயர் வைத்தோம். பேசாலை, வங்காலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி என்று இந்தக் கரையில் பந்து உருளாத ஊர் இல்லை. பெரிய ஊர் சின்ன ஊரிடம் எடுக்கிறது, கொழும்பு பெரிய ஊரிடம் எடுக்கிறது. நாங்கள் எடுத்தால் மரியாதை, எங்களிடம் எடுத்தால் துரோகமா?

அடுத்த கேள்வி, பிள்ளை ஏன் போகிறான்?

கொழும்பின் பழைய முஸ்லிம் பாடசாலைகளைப் பாருங்கள். ஹமீத் அல் ஹுசைனி 1884இல் தொடங்கியது, ஸாஹிரா 1892இல். நூறு வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்கின்றன. வாப்பா, மகன், பேரன் என்று பழைய மாணவர்கள் பின்னால் நிற்கிறார்கள். எங்கள் பாடசாலைகளின் வேர் 1990இல் அறுந்தது. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகுதான் கூரையும் கதிரையும் தேடத் தொடங்கினோம். பாதிச் சனம் இன்னும் புத்தளத்தில், மீதி இங்கே. மைதானத்துக்கு யார் காசு சேர்ப்பது? இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

பாடசாலை முடிந்த பிறகும் வழி அந்தப் பக்கம்தான். இந்த நாட்டில் உதைபந்தால் சோறு சாப்பிடுகிறவர்களில் அநேகமானோர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் வேலையோடு ஆடுகிறவர்கள். அந்த அணிகளின் கண் படுகிற இடம் கொழும்பு மைதானங்கள். மன்னாரில் ஒரு பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் 300 கிலோமீற்றர் தாண்டி யார் வந்து பார்ப்பது?

நேற்று மாலை அவனுடைய வாப்பாவைப் போய்ப் பார்த்தேன். கடலுக்குப் போகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "சேர், எனக்கு ஒரு சதம் யாரும் தரல்ல. அவன் போறது எனக்கும் விருப்பமில்ல. உம்மா ரெண்டு நாளா சாப்பிடல்ல. ஆனா இழுவைமடிக்காரன் வந்து வலைய அறுத்திட்டுப் போற கடலுக்கு என்ட மகனும் வரக்கூடாது எண்டுதான் நான் ஓம் எண்டன்."

இதற்குப் பிறகும் "வாப்பாக்கு எவ்வளவு" என்று கேட்கப் போகிறீர்களா? புறம் பேசுவதைப் பற்றி ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, பள்ளிவாசல் படியிறங்க முதலே ஃபோனைத் திறக்கிறோம்.

கொழும்புப் பாடசாலைகளுக்கும் என்னிடம் சொல்ல இருக்கிறது. பிள்ளையைக் கேடயத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு பருவம் ஆடவைத்து, முழங்கால் போனதும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய கதைகளைக் கேட்டிருக்கிறோம். காயம் பட்டால் மருந்துச் செலவு யாருடையது, உயர்தரத்தில் எந்தப் பாடம், பயிற்சியால் தவறும் வகுப்புக்கு என்ன ஏற்பாடு, விடுதியில் பொறுப்பான ஆசிரியர் யார் என்ற நான்கையும் எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் அதைக் கேட்கத் தயங்குவார்கள். எந்த ஊராக இருந்தாலும், கடிதம் வாசிக்கவும் கேள்வி எழுதவும் நான் வருகிறேன்.

வளர்த்தவர்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதும் நான் கண்டுபிடித்த கதை இல்லை. ஃபிபாவின் விதியில் ஒருமைப்பாட்டுக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. தொழில்முறை வீரர் ஒருவர் காசுக்குக் கைமாறும்போது அந்தத் தொகையில் 5 வீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படவேண்டும். 12 முதல் 15 வயதுவரை வருடத்துக்கு 0.25 வீதம், அதற்குப் பிறகு 0.5 வீதம். பாடசாலைகளுக்கிடையே காசு கைமாறுவதில்லை, கைமாறவும் கூடாது. ஆனால் மனச்சாட்சி இருக்கலாமே. பிள்ளையை எடுக்கிற பாடசாலை வருடத்துக்கு ஒருமுறை தன் அணியோடு இங்கே வந்து ஒரு ஆட்டம் ஆடட்டும். பயிற்றுவிப்பாளர் இரண்டு நாள் நின்று எங்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பத்துப் பந்து அனுப்பட்டும். எங்கள் பயிற்றுவிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். இதைக் கேட்டு எழுதுங்கள் என்று பழைய மாணவர்களையும் கழக நிர்வாகத்தையும் கேட்கிறேன். பிள்ளையைத் திட்டச் செலவழித்த நேரத்தில் இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதியிருக்கலாம்.

நாங்கள் செய்யவேண்டியதும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நானாமார் ஒவ்வொரு வருடமும் கிண்ணத்துக்கும் ஜேர்சிக்கும் காசு அனுப்புகிறீர்கள். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். இந்த முறை கிண்ணம் சின்னதாக இருக்கட்டும். மைதானத்துக்கு வேலி அடிப்போம், தண்ணீர்க் குழாய் ஒன்று போடுவோம். பயிற்றுவிப்பாளருக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்குவோம். அடுத்த பிள்ளை போவதை அது தடுக்காமல் இருக்கலாம். ஆனால் போகிறவனுக்குப் பின்னால் ஆட ஐந்து பேர் இருப்பார்கள்.

அவன் ஞாயிறு இரவு பஸ் ஏறுகிறான். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்திருக்கிறோம். எங்கள் அணி ஒரு பக்கம், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மறுபக்கம். அந்தக் கோல்காப்பாளரின் பழைய கழகத்தையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வாருங்கள். படம் செய்த தம்பி, நீயும் வா. படத்தை அழித்துவிட்டு வா. உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அவன் கையைப் பிடித்து ஸலாம் சொல்லு, போதும்.

எங்கள் உம்மா வாப்பா இந்த ஊரை விட்டுப் போனபோது வழியனுப்ப ஒருவரும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளையையாவது ஒழுங்காக வழியனுப்புவோம். திரும்பி வர மனம் வரவேண்டுமென்றால், போகும்போது கண்ட முகங்கள் நல்ல முகங்களாக இருக்கவேண்டும்.

உடன்பாடு இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமென்றாலும் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் மட்டும் வேண்டாம்.