கணக்கைக் காட்டுங்கள், டாக்டர்!

நம் வயதுக்காரர்களின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் பல மருந்துகளின் அளவை முடிவு செய்கிறார்கள். விடை மட்டும் நம் கைக்கு வருகிறது. எந்த எண்களைப் போட்டார்கள் என்று தெரிவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கால்குலேட்டர்கள் இந்த விஷயத்தில் மேல் என்பேன்.

1974-இல் ஹ்யூலெட்-பாக்கார்ட் கம்பெனி எச்பி-65 என்ற கால்குலேட்டரை 795 டாலருக்கு விற்றது. விரல் நீளக் காந்த அட்டை ஒன்றை நுழைத்தால், 100 படிகள் வரை உள்ள புரோகிராமை அது படித்துக்கொள்ளும். மருத்துவக் கணக்குகளுக்கென்றே அட்டைத் தொகுப்பும் கிடைத்தது. 1979-இல் வந்த எச்பி-41சி-யின் திரையில் எழுத்தும் தெரியும். வயது என்ன, எடை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்படி புரோகிராம் எழுதலாம். ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி அந்தப் புரோகிராமைப் படிப்படியாகப் பார்க்கவும் செய்யலாம். சூத்திரம் ஒளிந்திருக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 74 வயது ஆண், எடை 54 கிலோ, கிரியாட்டினின் 1.1. 1976-இல் காக்ராஃப்ட், கால்ட் இருவரும் வெளியிட்ட சூத்திரப்படி, 140-இல் வயதைக் கழித்தால் 66. அதை எடையால் பெருக்கினால் 3564. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கினால் 79.2. முன்னதைப் பின்னதால் வகுத்தால் நிமிடத்துக்கு 45 மில்லி. பெண்ணாக இருந்தால் இதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இதே ஆளுக்குப் பழைய சீட்டில் இருந்த 72 கிலோவைப் போட்டுவிட்டால் விடை 60! சில மருந்துகளுக்கு அளவே மாறிவிடும்.

அலகும் கவனிக்க வேண்டியது. நம் புதுச்சேரியில் பிள்ளைகளிடம் பாரீஸ் போய் வருகிறவர்கள் உண்டு. இங்கே 1.1 மில்லிகிராம் என்பது அங்கே 97 மைக்ரோமோல் என்று வரும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் 1,1 என்று காற்புள்ளிதான் போடுவோம். எச்பி-41சி-யில் புள்ளியா காற்புள்ளியா என்று நாமே மாற்றிக்கொள்ள வழி இருந்தது.

மிஷினைக் குறை சொல்லவில்லை. பழைய கால்குலேட்டரிலும் 72 என்று போட்டால் 60 என்றுதான் சொல்லும். டாக்டர்களுக்கு நேரமில்லை என்பதும், செல்போன் வேகமானது என்பதும் உண்மை. ஆனால் அரசு அலுவலகத்தில் வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய் பில்லைக்கூட பாஸ் பண்ண மாட்டோம். உயிர் சம்பந்தப்பட்ட கணக்குக்கு வவுச்சர் வேண்டாமா?

விடைக்குக் கீழே எந்தச் சூத்திரம், எந்த எடை, எந்த அலகு என்று ஒரே ஒரு வரி அச்சடித்தால் போதும். அதுவரை, மருத்துவரிடம் போகுமுன் எடை பார்த்துக்கொண்டு போங்கள். "டாக்டர், என் எடை எவ்வளவு என்று போட்டீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.