வந்த விருந்தாளிகள் எல்லாம் ஜாம்பவான்கள்... கச்சேரி யாருடையது? மோஹினி டே ஆல்பமும் ரசிகர்களின் மூன்று கட்சிகளும்!

ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதையே எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினால், 'என்னமோ குறையுதே' என்பார்கள். இளையராஜா பாடல்களில் சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் என நாம் கேட்டு வளர்ந்த சத்தம்தான் அது. வாசித்தவர்களின் பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு.

எப்போதும் பின்வரிசையில் நிற்கும் அந்த பேஸ் கலைஞர் முன்வரிசைக்கு வந்தால் எப்படி இருக்கும்? 2023-ல் மும்பையைச் சேர்ந்த மோஹினி டே தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம் அதற்கு ஒரு பதில். ஜாஸும் ராக்கும் கலந்த இசை. கிட்டாருக்கு கத்ரி கோவன், டிரம்ஸுக்கு சைமன் பிலிப்ஸ், கீபோர்டுக்கு 'டிரீம் தியேட்டர்' குழுவின் ஜோர்டன் ரூடஸ் என விருந்தினர் பட்டியலே மிரட்டும்.

மோஹினி நமக்குப் புதியவர் அல்ல. 2013-ல் 'கோக் ஸ்டுடியோ' நிகழ்ச்சியில் ரஹ்மான் குழுவில் பேஸ் வாசித்த அந்தப் பதின்வயதுப் பெண்தான். அப்பாவும் பேஸ் கலைஞர். மூன்று வயதிலேயே கையில் கிட்டார் வந்துவிட்டது.

ஆல்பத்தைக் கேட்டவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

'வேகம் இருக்கு, பாட்டு எங்கே?'

முதல் கட்சியின் குறை இது. விரல் பறக்கிறது, மனசில் ஒட்டவில்லை என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில இடங்களில் மூச்சுவிட இடமே கிடைக்காது. ஆனால் அந்த வேகத்துக்கு நம் ஊர் வேர் ஒன்று உண்டு. கொன்னக்கோல் சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே, அதே 'தகதிமி'யைத் தந்தியிலும் வாசிப்பது மோஹினியின் பாணி. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேகம் மிரட்டலாகத் தெரியாது, கணக்காகத் தெரியும்.

'விருந்தாளிகளே சாப்பிட்டுட்டாங்க!'

இரண்டாம் கட்சிக்கு, இத்தனை பெரிய கைகளுக்கு நடுவில் மோஹினி எங்கே என்ற சந்தேகம். இங்கேதான் பேஸின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை ஒட்டுவது எதற்கு? அடியில் அந்தக் கனமான நாதம் வேண்டும் என்பதற்காகத்தான். பேஸின் வேலையும் அதுவே. கிட்டார்காரர் மேலே பறக்கும்போது கீழே தரையாக நிற்க வேண்டும். விருந்தாளி நன்றாக வாசித்தால் அந்தப் பெருமையில் பாதி, தாங்கிப் பிடித்தவருக்கும் சேரும்.

'பேஸே கேட்கலையே?'

மூன்றாம் கட்சி பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஆழத்துக்கு நம் போனின் குட்டி ஸ்பீக்கர் இறங்கவே இறங்காது. வானூரிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால், கிட்டாரும் டிரம்ஸும்தான் காதில் விழும். பக்கத்து சீட்டுக்காரரின் முறைப்பு இலவசம். முதல் இரண்டு கட்சிகளிலும்கூட இப்படிக் கேட்டவர்கள் இருக்கலாம். ஆல்பத்தின் சொந்தக்காரரையே கேட்காமல் தீர்ப்பு சொல்வது சரியா?

காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று போதும். முதல் தடவை விருந்தாளிகளை ரசியுங்கள். இரண்டாம் தடவை பேஸை மட்டும் விடாமல் பின்தொடருங்கள். கருத்து மாறினாலும் மாறலாம்.

வானூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதே தாலுகாவில்தான் ஆரோவில் இருக்கிறது. பேஸ் கலைஞர் மிஷ்கோ எம்பா வாழ்ந்து, வாசித்த இடம் அது. அங்கே மேடை நிகழ்ச்சி நடக்கும் நாளில் ஒருமுறை போய் உட்காருங்கள். பேஸ் காதுக்கு வரும் முன்பே நெஞ்சில் வந்து தட்டும்.

மற்றவர்களின் பாட்டுக்குப் பல வருடம் தரையாக நின்றவர், முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு வீடு கட்டியிருக்கிறார். வாசலில் நிற்கும் விருந்தாளிகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், உள்ளே போய் வீட்டுக்காரரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாமே!