கீறல் விழுந்த சிடி கணினியைக் கெடுக்குமா?

"அம்மா அப்பா கல்யாண சிடியில் ஒரே கீறல். கணினியில் போட்டால் டிரைவ் கெட்டுவிடுமா?" வானொலியில் பேசுபவரிடம் பாட்டுதான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்வியும் வருகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாங்கிய தட்டுகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றனவே!

சுருக்கமாகச் சொன்னால், கீறல் டிரைவைக் கெடுக்காது. விரிசல் கெடுத்துவிடலாம்.

இந்தப் பயம் நமக்குத் தாத்தா காலத்து இசைத்தட்டிலிருந்து வந்தது. அதில் ஊசி தட்டை உரசிக்கொண்டே ஓடும். சிடியில் அப்படி எதுவும் உரசுவதில்லை. கீழிருந்து லேசர் ஒளி பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கீறல்களைச் சமாளிக்க, பிழை திருத்தும் வசதியையும் தட்டிலேயே சேர்த்துப் பதிகிறார்கள்.

கீறல் ஆழமாக இருந்தால் டிரைவ் வேகத்தைக் குறைத்து, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். இரைச்சல் கேட்கும், கணினி உறைந்தது போல நிற்கும். பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். தட்டை வெளியே எடுத்துவிட்டால் சரியாகிவிடும். மணிக்கணக்கில் திணற விடாதீர்கள், அது வீண் தேய்மானம்.

விரிசல் கதையே வேறு. 52 மடங்கு வேக டிரைவில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழலும். நடு ஓட்டையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால், அந்த வேகத்தில் தட்டு உள்ளேயே சிதறலாம். அப்புறம் டிரைவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பாதி உரிந்த ஸ்டிக்கர் ஒட்டிய தட்டும் ஆபத்தானது. ஆட்டம் கொடுக்கும், உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று. எல்லாரும் பளபளப்பான பக்கத்தையே பொத்திப் பாதுகாக்கிறோம். சிடியில் பதிவு இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே ஆழமாகக் கீறினால் பதிவே போய்விடும். கீழ்ப்பக்கக் கீறலையாவது மெருகேற்றிச் சரிசெய்ய முயலலாம். டிவிடியில் பதிவு நடுவில் இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் பதிவு ஓடும் திசையிலேயே கீறல் விழும். பற்பசை வைத்தியத்தைக் கல்யாண சிடியில் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. அதையும் முயன்று பாருங்கள்.

ஆக, டிரைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யூஎஸ்பியில் இணைக்கும் வெளி டிரைவைக் குறைந்த விலையிலேயே வாங்கிவிடலாம். தட்டில் இருப்பதை எங்கே வாங்குவது? யோகி பி, நட்சத்திரா குழுவின் 2006-ஆம் ஆண்டு 'வல்லவன்' ஆல்பம் போலப் பெயர் பெற்றவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நம்மூர்ப் பையன்கள் சொந்தக் காசில் நூறு பிரதி போட்ட ஆல்பமும், பாட்டியின் குரல் பதிந்த திருமண வீடியோவும் அந்த ஒரு தட்டில் மட்டுமே இருக்கலாம்.

புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிரைவே வருவதில்லை. இந்த வார இறுதியில் அலமாரியைத் திறந்து, விரிசல் உள்ளவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு, விரலியில் ஒன்றும் வேறோர் இடத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள்.